ஏழு வெள்ளைக் கோழிகளும் பதினொரு குடைத் தூளும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். அதுவும் கோழிகளுக்கு மெத்தை போடுவதற்காக. திருட்டுக்குப் பயன்பட்ட ஆயுதம் ஒரு கறுப்புக் குடை. இத்தனை காலம் இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் மானம் அல்ல, பயம். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் காலத்துத் துரைமாரெல்லாம் கப்பலேறிப் போய்விட்டார்கள். இனி என் வேலைக்கு உலை வைக்க யாரும் இல்லை. (எழுதாமல் விட்டாலும் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிறேன். இருந்த அளவு முட்டாள்தனத்தோடு நிறுத்திவிடலாமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கை மலையகத்தில், றொசல்ல ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறிப்போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்ன கிளாக்கர் வேலை. ஹட்டனில் படித்தவன், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன், ஆகவே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே பெரிய கிளாக்கர் சதாசிவம். அவருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை அதிகம். ஒன்று, அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த லெகோன் என்கிற சீமைச் சாதியில் ஏழு வெள்ளைக் கோழிகள். ஆறு பெட்டை, ஒரு சேவல். மற்றது, அவருடைய மகள் கோமதி. அவர் சொல்கிற வரிசையில் எழுதியிருக்கிறேன். என்னுடைய வரிசை வேறு.

வட்டகொடையில் இருந்த என் மாமா, நான் கெஞ்சியதால், என் சாதகத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பெண் கேட்டுவிட்டு வந்திருந்தார். பெரிய கிளாக்கர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “ஆடி மாசம் குடும்பத்தோட கதிர்காமம் போறோம். போய்ட்டு வந்து பதில் சொல்றேங்க” என்று மாமாவை அனுப்பிவிட்டார். மறுநாள் ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பத்து நாளைக்கு என் கோழிங்கள நீங்க பாத்துக்கணும்.”

இது பரீட்சை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மகளைக் கொடுப்பதற்கு முன்னால் கோழியைக் கொடுத்துப் பார்க்கிறார். “உயிரக் குடுத்துப் பாத்துக்கிறேங்க ஐயா” என்றேன்.

“உயிரெல்லாம் வேணாம். கூடு காஞ்சிருக்கணும், அது போதும். ஈரம் பட்டா கோழிக்குச் சளி புடிச்சுக்கும். மானாப்புல்ல வெட்டியாந்து, அடுப்புக்கு மேல போட்டு நல்லாக் காய வச்சு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்திப் போடுங்க. மழை அடிக்கிற பக்கம் சாக்குப் படங்கு ஒண்ணு கட்டியிருக்கேன். என்ன ஆனாலும் அத அவுக்காதீங்க.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. இதை அப்படியே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை.

அவர்கள் புறப்பட்ட காலையில் கோமதி கோழிக்கூட்டுப் பக்கம் வந்தாள். என்னோடு பேசவில்லை. கோழியோடு பேசினாள். இடது காலில் ஒரு நகம் இல்லாத பெட்டை ஒன்றுக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்திருந்தாள். “வெள்ளச்சி, பத்து நாளைக்குப் புதுசா ஒருத்தர் வருவாரு. பாவம், அவரக் கொத்திப்புடாத” என்றாள். அவள் என்னைப் பற்றி முதன்முதலாகச் சொன்ன வார்த்தை ‘பாவம்’. அதை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மானாப்புல் வெட்டப் போனேன். காய வைக்கச் சொன்னது நினைவிருந்தது. ஆனால் ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் வெயில் என்பது துரை வந்துபோகிற மாதிரி: எட்டிப் பார்க்கும், போய்விடும். அடுப்புக்கு மேல் காய வைக்க எனக்குப் பொறுமை இல்லை. பச்சையாகவே கொண்டுவந்து கூட்டில் பரப்பினேன். புல்லோடு அட்டைகளும் குடிவந்தன. என் கணுக்காலில் இரண்டு, பிடரியில் ஒன்று, சேவலின் கொண்டையில் ஒன்று. பெட்டைகள் அட்டைகளை விருந்தாக நினைத்துக் கொத்தின. சேவலின் கொண்டையில் தொங்கியதையும் விருந்தாகவே நினைத்து மூன்று பெட்டைகள் சேவலைத் துரத்தின. நான் உப்பை எடுத்துக்கொண்டு நான்காவதாக ஓடினேன். முதல் நாளே இப்படி.

புல் சரிப்படாது என்று முடிவு செய்தேன். ஆபீஸ் அலுமாரியில் கோழி வளர்ப்பு பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் கிடந்தது. கூட்டுத் தரையில் போடுவது உலர்ந்ததாக, மெதுவாக, ஈரத்தை உறிஞ்சுவதாக, கெட்ட நாற்றம் இல்லாததாக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அறிவியல் முறைப்படியே பார்த்துவிடலாம் என்று என் அறையில் தேயிலைப் பெட்டி மூடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் பரப்பி, வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தேன். (கோழியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒன்றின்மேல் குந்தியும் பார்த்தேன். அதைப் பக்கத்து அறைக்காரர் பார்த்துவிட்டார்.)

தச்சுக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த மரத்தூள் பச்சை மரத்தினுடையது. பிசுபிசுத்தது, காலில் அரிப்பு எடுத்தது. கீழே நெல் விளைகிற நாட்டிலிருந்து ஒருவரிடம் சொல்லி வரவழைத்த உமி மெதுவாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தேன், ஒரே காற்றில் பாதி உமி என் மூக்கிலும் மீதி பாயிலும் போய்ச் சேர்ந்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்த காய்ந்த இலைகளில் குச்சி குத்தியது. பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்துக் கூட்டிலேயே போட்டுப் பார்த்தேன். சேவல் எழுத்துகளைப் புழு என்று நினைத்து ஒரு பக்கம் முழுவதையும் விடாமல் கொத்தியது. அந்தத் தோட்டத்தில் பத்திரிகையை அவ்வளவு கவனமாக வாசித்தவர்கள் வேறு யாரும் கிடையாது.

அப்போதுதான் ஸ்டோரில் என் காலில் அது பட்டது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். தினமும் ஆபீஸ் வேலையாக நான் அங்கே போக வேண்டும். அன்று அடுப்பு இயந்திரத்துக்குக் கீழே கழிவுத் தூளைக் கூட்டிக் குவித்திருந்தார்கள். காம்பும் நாரும் பஞ்சு போன்ற தூசுமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு குவியல். யாரும் பார்க்காதபோது செருப்பைக் கழற்றிக் காலை உள்ளே விட்டேன். இளஞ்சூடு. எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. வாசமோ சொல்லவே வேண்டாம். கதிர்காமத்து முருகனே கையில் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒரே ஒரு சிக்கல். தோட்டத்தில் கொலை செய்தால்கூடத் துரை காரணம் கேட்பார். ஸ்டோரிலிருந்து தூள் எடுத்தால் கேட்கமாட்டார். கழிவுத் தூளைக்கூட யாரும் கொண்டுபோய் விற்றுவிடக் கூடாது என்று சாணத்தோடு கலந்து குழியில் போட்டு மூடுவார்கள். ஒரு பிடி தூளோடு பிடிபட்டால் லயத்து வரிசை வீட்டுத் தொழிலாளியோ உத்தியோகத்தரோ, யாரானாலும் அன்றே பெட்டி கட்ட வேண்டியதுதான். இதற்கெல்லாம் மேலே டீமேக்கர் அரங்கசாமி. ஸ்டோர் அவருடைய ராஜ்யம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சிட்டிகைத் தூளை மோந்தால், அது எந்த மலைக் கொழுந்து, எந்தக் கிழமை அரைத்தது என்று சொல்லிவிடுகிற மூக்கு அவருக்கு.

ஆனால் வாசலில் நிற்கிற காவல்காரர் மாரிமுத்து ஆட்களுடைய மடியையும் கூடையையும்தான் பார்ப்பார். கிளாக்கரின் குடையைப் பார்க்கமாட்டார். மடக்கிய குடைக்குள் கழிவுத் தூளை நிரப்பி, மேலே கைக்குட்டையைச் சொருகி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வந்த இடத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயா, மழை ஊத்துதுங்க. கொடைய விரிங்களேன்” என்றார் மாரிமுத்து.

“எனக்கு மழையில நனைய ரொம்பப் பிடிக்கும் மாரிமுத்து.”

“சளி புடிக்குங்க ஐயா.”

“சளியும் பிடிக்கும்.”

மூன்று நாளில் பதினொரு நடை. பதினொரு முறையும் கையில் குடையோடு, தலை சொட்டச் சொட்ட, குடைத்துணி நனையாமல் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மலையேறினேன். பெண் கேட்டுப் பதில் வராததால் சின்ன கிளாக்கருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று லயங்களில் பேசிக்கொண்டார்களாம். ஒரு அம்மா எனக்காகக் கோயிலில் தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டதாகவும் கேள்வி.

அந்தத் தூளைக் கூட்டில் அரையடி உயரத்துக்குப் பரப்பினேன். கோழிகள் கொண்டாடிவிட்டன. புரண்டன, கிளறின, இறகுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டன, கொஞ்சம் தின்றும் பார்த்தன. தின்றதில் சேவலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பகல் பன்னிரண்டுக்கும் கூவியது, மூன்றுக்கும் கூவியது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. மீண்டும் புத்தகத்தைப் புரட்டினேன். கூட்டுக்குள் நல்ல காற்றோட்டம் வேண்டும் என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்தவன் பொய் சொல்லமாட்டான் என்று, மழைப் பக்கம் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், கதவைத் திறக்காமல் சந்து வழியாகச் சோளத்தை எறிந்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். குடைக்குள் ஒட்டியிருந்த தூள் கரைந்து என் வெள்ளைச் சட்டையில் பழுப்பாக வழிந்தது. எத்தனை வெளுத்தும் அந்தக் கறை போகவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பாலில்லாத தேநீருக்குச் சாயத்தண்ணி என்றுதான் பெயரே வைத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தவன் நான். சந்து வழியாகப் பார்த்தபோது கோழிகள் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தன. சதை பிடித்து மினுமினுக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்தது. கூட்டைத் திறந்தேன். உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் ஏழு கோழிகள் வெளியே வந்தன.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எவனோ கோழிகளை மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றே நினைத்தேன். கூட்டுக்குள் குனிந்த பிறகுதான் விளங்கியது. உள்ளே ஆவி பறந்தது. ஹட்டன் கடைத்தெருத் தேநீர்க் கடை வாசம். அரையடிக்குச் சாயம் ஊறி நின்றது. நான் வெள்ளைக் கோழிகளைப் போட்டு மூன்று நாள் தேநீர் வடித்திருக்கிறேன்! வெள்ளை முட்டைகள்கூடப் பழுப்பாகிவிட்டன.

அவர்கள் வர இன்னும் ஒரு நாள் இருந்தது. சவர்க்காரம் போட்டு ஒவ்வொரு கோழியாகக் குளிப்பாட்டினேன். நுரை பழுப்பாகப் போனது, கோழி பழுப்பாகவே நின்றது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவார்களே என்று ஞாபகம் வந்தது. முதலில் சேவலை நீலத்தில் முக்கி எடுத்தேன். பழுப்போடு நீலம் சேர்ந்து, மழைக்காலத்துப் பாசி பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்தது சேவல். அது தன்னைத் தானே குனிந்து பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கையில் பச்சைச் சேவலோடு நான் நிற்கும்போது பின்னால் குரல் கேட்டது.

“என்னா தம்பி, கோழிங்க எல்லாம் சுகமா?”

ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார்கள். பெரிய கிளாக்கர், அவர் மனைவி, கோமதி, கூடவே கதிர்காமத்துத் திருநீறு வாங்க வந்த டீமேக்கர் அரங்கசாமி. எல்லாரும் கொல்லையைப் பார்த்தார்கள்.

“என் கோழி எங்க?” என்றார் பெரிய கிளாக்கர்.

“இதுதாங்க ஐயா.”

“இது நாட்டுக்கோழி.”

“இல்லீங்க ஐயா. லெகோன்தாங்க.”

“லெகோன் எந்த ஊருல இந்தக் கலர்ல இருக்கு? அது என்னா கையில, கிளியா?” அவர் கூட்டுக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். “பாருங்க அரங்கசாமி, முட்டையும் நாட்டு முட்டை! டேய், என் கோழிங்கள ஹட்டன்ல யாருகிட்டடா வித்த?”

உண்மையைச் சொன்னால் தூள் கள்ளன். சொல்லாவிட்டால் கோழிக் கள்ளன். கோழிக் கள்ளனுக்குக் கோமதி கிடைக்கமாட்டாள். தூள் கள்ளனுக்குக் கோமதியும் இல்லை, வேலையும் இல்லை. கோழிக் கள்ளனாகவே இருந்துவிடலாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. நீலம் பட்டதாலும் இருக்கலாம்.

“வெள்ளச்சி!” என்று கோமதி கூப்பிட்டாள்.

பழுப்புக் கோழி ஒன்று ஓடிப்போய் அவள் காலடியில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். “அப்பா, இது நம்ம வெள்ளச்சிதாம்ப்பா. எடது கால்ல நகம் இல்ல பாருங்க. இவரு ஒண்ணும் விக்கல.”

நான் பிழைத்தேன் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அரங்கசாமி வெள்ளச்சியைத் தூக்கி மூக்கருகே வைத்துவிட்டார். கண்ணை மூடினார். ஆழமாக ஒரு தடவை மோந்தார். ஒரு இறகை விரலில் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தார்.

“நம்ம ஸ்டோரு” என்றார். “கழிவு. போன சனிக்கெழம கூட்டுனது. காம்பு கொஞ்சம் சாஸ்தி.”

அதற்கு மேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மானாப்புல், அட்டை, புத்தகம், குடை, படங்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “எத்தன கொட?” என்று கேட்டார் அரங்கசாமி. “பதினொண்ணுங்க” என்றேன். கோமதியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. “தோட்டத்துச் சொத்து. இத நான் துரைக்கு எழுதியே ஆகணும். கோமதி, தாளும் பேனாவும் எடுத்தா” என்றார். அவர் அப்படித்தான், கடமை என்றால் சொந்த மருமகனையும் விடமாட்டார். (பின்னால் விடவும் இல்லை.) வெளிவாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ‘ஐயா’ என்று எழுதினார். என் பெயரை எழுதினார். வட்டகொடை மாமாவின் முகம் கண்முன் வந்தது.

மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கோமதி மெதுவாகக் கேட்டாள். “அப்பா, தூளு இப்ப யாரு வீட்டுக் கூட்டுல கெடக்குன்னு எழுதுவீங்க?”

பேனா நின்றது.

“துரை வந்து பாத்தா, பெரிய கிளாக்கர் வீட்டுக் கொல்லையில அரையடி ஒசரத்துக்கு ஸ்டோர் தூளு இருக்கும். அதான் கேட்டேன்.”

“என் ஸ்டோருல இருந்து என் கண்ணு முன்னால பதினோரு கொட போயிருக்கு” என்றார் அரங்கசாமி கலவரமாக. “அதையும் எழுத வேணாங்க.”

பெரிய கிளாக்கர் தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பச்சைச் சேவலைப் பார்த்தார். தாளை நான்காகக் கிழித்துப் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அவ்வளவு தூளையும் இப்பவே குழியில கொண்டுபோய்க் கொட்டுற. இந்தக் கோழிங்க பழையபடி வெள்ளையாகுற வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் நீயே வந்து கூடு கூட்டுற. மானாப்புல்லு. காய வச்ச மானாப்புல்லு! வெள்ளையான அன்னைக்கே இந்த வாசப்படிய மறந்துடணும். ஒங்க மாமாவுக்கும் சொல்லிடு, சாதகத்த வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி.”

வேலை பிழைத்தது. கோமதி போய்விட்டாள். அன்று குழிக்குப் பதினொரு நடை நடந்தபோது குடையை விரித்துப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து தண்டனை ஆரம்பமானது. காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு முன்னால் ஒரு தடவை, ஆபீஸ் விட்டதும் ஒரு தடவை. கோழிகள் இறகு உதிர்த்துப் புது இறகு முளைத்தால் வெள்ளையாகிவிடும், மூன்று நான்கு மாதம் ஆகும் என்று அரங்கசாமி சொன்னார். உலகத்தில் தண்டனை முடியக் கூடாது என்று சாமி கும்பிட்ட கைதி நான் ஒருவன்தான். ஒவ்வொரு நாளும் எங்கேயாவது வெள்ளை தெரிகிறதா என்று கோழிகளைப் பார்ப்பேன். கோமதி தண்ணீர் வைக்க வருவாள். அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்குவார். நாங்கள் இருவரும் கோழிகளோடு மட்டும் பேசுவோம். “வெள்ளச்சி, இன்னைக்கு அவரு இருமுறாரே, மருந்து குடிச்சாரா?” என்பாள். “வெள்ளச்சி, குடிச்சாச்சுன்னு சொல்லு” என்பேன்.

நான்கு மாதம் போனது. கோழிகள் பழுப்பு. ஆறு மாதம் போனது. பழுப்பு. தைப்பொங்கல் போனது, அடுத்த ஆடியும் வந்துவிட்டது. கழுத்தடியில் கொஞ்சம் வெள்ளை தெரியும், ஒரு வாரத்தில் அதுவும் பழுத்துவிடும். பெரிய கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறகு இறகாகப் பார்ப்பார். பார்க்கிற சாக்கில் என்னோடு பேச ஆரம்பித்தார். எனக்கும் அதற்குள் மானாப்புல்லை எலும்பு மாதிரி காய வைக்கத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தவர், “காஞ்சிருக்கு” என்றார். தாடையைச் சொறிந்துகொண்டார்.

“இந்தக் கோழிங்க வெள்ளையாகப் போறதில்ல. நீங்களும் இங்கயிருந்து போகப் போறதில்ல. ஒங்க மாமாவ வரச் சொல்லுங்க தம்பி.”

‘டேய்’ மறுபடி ‘தம்பி’ ஆனது அன்றைக்குத்தான். நான் கூட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வெள்ளச்சி காதைக் கொத்தியது.

கல்யாணம் முடிந்து சீரோடு சீராக வெள்ளச்சியும் என் வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் தேநீர் குடித்த பிறகு, கெண்டியில் மிஞ்சிய சாயத்தண்ணியைக் கொட்டுவதற்காகக் கோமதி கொல்லையில் ஒரு பேசினை எடுத்து வைத்தாள். அதைக் கண்டதும் எங்கேயோ கிளறிக்கொண்டிருந்த வெள்ளச்சி ஓடிவந்து, பழக்கப்பட்ட பிள்ளை மாதிரி பேசினுக்குள் ஏறி உட்கார்ந்து, இறக்கையை விரித்துக் காட்டியது.

நான் கோழியைப் பார்த்தேன். கோமதியைப் பார்த்தேன்.

“என்னா பாக்குறீங்க?” என்றாள். அவள் முகம் சிவந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். “மூணாம் மாசமே வெள்ளையா மொளைக்க ஆரம்பிச்சிருச்சு. வேற என்னா செய்யச் சொல்றீங்க? வாரத்துக்கு ஒருக்கா ஏழு கோழியையும் புடிச்சு சாயத்தண்ணியில முக்கணும். இந்தச் சேவல் இருக்கே, அதோட நான் பட்ட பாடு!”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தேநீர் ஊற்றும்போது பேரப்பிள்ளைகள் “வெள்ளச்சி கலர்ல வேணுமா, இன்னும் லேசாவா?” என்றுதான் கேட்பார்கள். என் மாமனாரிடம் மட்டும் நாங்கள் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. அவர் இருந்தவரை, யாராவது விருந்தாளி வந்து தேநீரைக் குடித்து நன்றாக இருக்கிறது என்றால் போதும், அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

“சும்மாவா? நம்ம தோட்டத்துத் தூளுங்க! கழிவுலயே மூணே நாளு ஊறுனதுக்கு, கோழி மேல ஒரு வருசம் சாயம் போகாம நின்னுச்சு!”

கோமதி கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விடுவாள். உள்ளே ஏதாவது ஒரு பாத்திரம் விழுந்து உருளும்.